காங்கயத்துப் பெட்டி

ஏனுங்கண்ணா, காலைச் சித்த அக்கட்டால வெச்சுக்குங்க, பையி மேல படுது. தப்பாச் சொல்லலீங்க, உள்ள இருக்கறது கொஞ்சம் விவகாரமான சாமான். பயப்படாதீங்க, வெடிக்கிறதெல்லாம் இல்ல. கண்டக்டரும் உங்களாட்டத்தான் பாத்தான். மிக்சியான்னான். ஆமாப்பா மிக்சிதான்னு சொல்லி டிக்கெட்டை வாங்கிட்டேன். அவங்கிட்ட என்னத்தை விளக்கிட்டு இருக்கறது.

ரூட்டருங்க இது. வீட்டுல ரெண்டு கொம்பு வெச்சு வெள்ளையா இருக்குமே, அது இல்ல. பெரிய ஆபீசுல இரும்பு ரேக்குல மாட்டறது. பள்ளிபாளையத்துல தறி வெச்சிருக்கேன்னீங்கல்ல, உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். ஒரு மில்லுக்கு அஞ்சு ஊருல யூனிட்டு இருக்குதுன்னு வெச்சுக்குங்க. காங்கயத்துக் கணக்கு ஈரோட்டுக்குப் போவணும், வெள்ளகோவில் ஸ்டாக்கு தாராபுரத்துல தெரியணும். எது எந்தப் பக்கமாப் போவணும்னு வழி சொல்ற பெட்டி இது. வழி தப்பாச் சொல்லிக் குடுத்தா ஒண்ணும் போய்ச் சேராது. அவ்வளவுதான். அந்த வழிய எழுதிக் குடுக்கறதுதான் நம்ம சோலி.

இதைக் கொண்டுபோய் ஒருத்தன் மேசை மேல வெச்சு ஒரே ஒரு கேள்வி கேக்கப் போறேனுங்க. பேரு பூபதி. என் கூட்டாளி. என்னை ஒம்பது வருசம் ஏமாத்துனவன். ஆளு நல்லவன், அதுதான் பெரச்சனை. கெட்டவன் ஏமாத்துனா ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுறலாமுங்க.

இதுல என்ன கூத்துன்னா, இன்னிக்கு அவன் ஆபீசுலதான் எனக்கு இன்டர்வியூ. அவனேதான் கூப்பிட்டான். வேலையில்லாம ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க எனக்கு. வசந்தாமணி, அதான் வூட்டுக்காரி, காலையில கெளம்பறப்பவே சொன்னா. "போனமா, வேலைய வாங்குனமான்னு வாங்க. அந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போயி அங்க ஒண்ணும் பேசி வெக்காதீங்க"ன்னா. சரின்னேன். அவ தண்ணி புடிக்கப் போனப்ப பையில எடுத்து வெச்சுக்கிட்டு வந்துட்டேன்.

ஒரே வாரத்துல மில்லுல சேந்தமுங்க நாங்க ரெண்டு பேரும். அவன் ஈரோட்டு ஹெட் ஆபீசு, நான் காங்கயம் யூனிட்டு. நான்தான் வேகம். அவன் மெதுவு. ஒரு வேலைய நாலு தடவ திரும்பப் படிப்பான், பேப்பர்ல படம் போட்டுப் பாப்பான். எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க. ஒருக்கா அடிச்சா அடிச்சதுதான். எழுதினதைத் திரும்பத் திரும்பப் பாக்கறவனுக்குத் தன் கைமேலயே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். இதை அவங்கிட்டயே சொல்லியிருக்கேன். சிரிச்சுக்குவான்.

எனக்குன்னு ஒரு முறை வெச்சிருந்தேனுங்க. ரூட்டருல புதுசா வழி எழுதி சேவ் பண்ணுனா, அது உடனே வேலை செய்யாது. பச்சைச் செவுத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி, அது உள்ள எறங்கோணும். அதுக்கு அரைமணி நேரம் ஆகும். நான் சேவ் பண்ணிட்டு பூபதிக்குப் போன் போடுவேன். "ஆச்சாடா தனா"ம்பான். ஆச்சும்பேன். "சரி, போயி ஒரு டீ குடிச்சுட்டு வா, உள்ள எறங்கட்டும்"பான். எதுத்தாப்புல பேக்கரி. ஒரு டீ, ஒரு தேங்கா பன்னு, பேப்பரு. திரும்பி வந்து பாத்தா ஓடிட்டிருக்கும். ஒம்பது வருசத்துல ஒரு தடவ கூட இது தப்புனதில்லீங்க. வெள்ளகோவில் யூனிட்டுப் பையனுக்கும், தாராபுரத்துக்காரனுக்கும் நானே இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன். அவசரப்படாதீங்கடா, எறங்க விடுங்கடான்னு.

போன வருசத் தைப்பூசம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. பூபதி வருசா வருசம் பழனிக்கு நடப்பான். காவி கட்டிட்டு, செருப்பில்லாம, போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிருவான். அது அவன் வேண்டுதல். எப்பவும் அந்த வாரம் ஒரு வேலையும் வெக்கமாட்டோம். அந்த வருசம் பாருங்க, மேனேஜரு புதுசு. ஆறாவதா ஒரு யூனிட்டு வாங்கிப் போட்டாங்க, உடனே சேக்கோணும்னாரு. நான் சேத்தேன். சேவ் பண்ணுனேன். டீக்குப் போயிட்டு வந்தேன்.

ஆறாவது யூனிட்டு வரல. இருந்த அஞ்சும் படுத்துருச்சு.

நான் பதறலீங்க. எறங்க நேரமாகுது, பெரிய வேலையில்லன்னுதான் நெனச்சேன். மேனேஜர்கிட்டயும் சொன்னேன், சார் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, ஆயிரும்னு. அந்தாளு மூஞ்சி போன போக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. ரெண்டரை நாளுங்க. கேட்டுல லோடு லாரி வரிசையா நிக்குது, ஒரு பில்லு போட முடியல. மூணாவது நாள் மத்தியானம் பூபதி பழனியில இருந்து பஸ் புடிச்சு நேரா காங்கயத்துக்கு வந்தான். காலெல்லாம் கொப்புளம், காவி வேட்டிய மாத்தவே இல்ல. பத்து நிமிசம் உக்காந்தான். ஓட ஆரம்பிச்சுருச்சு. அன்னிக்குச் சாயங்காலமே என்னைய வேலைய விட்டு எடுத்துட்டாங்க. பூபதி மேனேஜரு ரூமுல ஒரு மணி நேரம் எனக்காகப் பேசுனான். வெளிய வந்து எம் மூஞ்சியப் பாக்கல. அப்பறம் அவனும் அங்க ரொம்ப நாள் இருக்கல, கோயமுத்தூருப் பக்கம் போயிட்டான்.

பெருந்துறை தாண்டிட்டமா? இன்னும் நேரமிருக்குது. கேளுங்க.

அதுக்கப்பறம் எங்க வேலைக்குப் போனாலும் சர்டிபிகேட்டு இருக்குதாங்கறான். ஒம்பது வருசம் வேலை பாத்தேன்னு சொன்னா அதுக்கு மரியாதையே இல்லீங்க. சரி, பரிச்சை எழுதிருவோம்னு முடிவு பண்ணுனேன். பரிச்சைக்குக் கையில பழகோணும். ஜாபர் பாய்னு ஒருத்தரு, ஈரோட்டுல பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை. அவருகிட்டப் பழைய ரூட்டரு மூணு எடுத்தாந்தேன். வசந்தாமணி தைக்கிற மெசினுக்குப் பக்கத்துல ஸ்டூலு மேல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினேன். ஆன் பண்ணுனா மாவு மில்லு கணக்கா சத்தம். ஒரே பிளக்குங்க எங்களுக்கு. நான் ரூட்டரு போட்டா அவ ஜாக்கெட்டு நிக்கும், அவ ஜாக்கெட்டு ஓடுனா எம் படிப்பு நிக்கும்.

முதல் பாடமே, மூணு பெட்டியையும் கோத்து, முதல் பெட்டி கூப்பிட்டா மூணாவது பெட்டி பதில் சொல்லோணும். பதில் வந்தா ஸ்கிரீன்ல அஞ்சு ஆச்சரியக்குறி வரும். வரலைன்னா அஞ்சு புள்ளி. நான் வழி எழுதினேன், சேவ் பண்ணுனேன், பேக்கரிக்குப் போயி டீ குடிச்சேன், வந்தேன். அஞ்சு புள்ளி.

மறுக்கா போனேன். வந்தேன். அஞ்சு புள்ளி. ஒரு நாளைக்கு ஏழு டீ குடிச்சிருக்கேனுங்க அந்த வாரத்துல, வயிறு புண்ணாப் போச்சு. ரெண்டு நாளு தொடாமயே விட்டுப் பாத்தேன். வசந்தாமணிக்கு ரெண்டு நாளும் மெசினு ஓடல. புள்ளிதான். சரி, பாய் நம்மள ஏமாத்திட்டாருன்னு மூணையும் ஆட்டோவுல போட்டு எடுத்துட்டுப் போனேன். அவரு என் கண்ணு முன்னாடியே கோத்தாரு. என்னமோ அடிச்சாரு. ஓடுது. "நல்லாத்தான இருக்குது தனபாலு"ன்னாரு. ஆட்டோவுல திருப்பிக் கொண்டாந்து என் வழிய எழுதினேன். மறுபடியும் புள்ளி. இப்படி மூணு தடவ நடந்துச்சுங்க. மூணாவது தடவ எனக்குக் கோவம் வந்துருச்சு. பாய், மில்லுல இருந்த சாமானெல்லாம் இப்படி இல்ல, போட்டுட்டுச் சும்மா விட்டாத் தானாச் சரியாகும், அந்த மாதிரி ஒண்ணு குடுங்கன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. "மில்லுச் சாமானே ஒரு லாட்டு வந்து கெடக்குது, இந்தா, ஒண்ணை எடுத்துட்டுப் போ"ன்னாரு.

எடுத்துட்டு வந்தேன். கரெண்டு குடுத்தேன். ஸ்கிரீன்ல பேரு வருது பாருங்க. காங்கயம், யூனிட் ரெண்டு.

எம் பெட்டிங்க. அந்தப் பேரை அதுக்கு வெச்சதே நான்தான். புதுச் சாமான் வாங்கிப் போட்டுட்டு இதைக் காயலானுக்குத் தாட்டி உட்டிருக்காங்க, உள்ள இருக்கறதை அழிக்காமயே. முக்காவாசி ஆபீசுல அப்படித்தான் பண்றாங்க. பழைய பாஸ்வேர்டை அடிச்சேன். தொறந்துருச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க எனக்கு. ஏய் வசந்தா, இங்க வந்து பாருன்னு கத்துனேன். வந்து பாத்துட்டு, "ஏனுங்க, இன்னொன்னா"ன்னா.

அந்தச் சந்தோசம் ஒரு மணி நேரந்தான்.

இந்தப் பெட்டிக்குப் பின்னாடி ஒரு சின்ன கார்டு சொருகியிருக்கும். ஒவ்வொரு தடவ சேவ் பண்றப்பவும் அதுல ஒரு நகல் விழும். என்னிக்கு, எத்தனை மணிக்கு, யாரு பேருல பண்ணுனதுன்னு தலையிலயே எழுதியிருக்கும். பூபதிதான் அந்த ஏற்பாடு பண்ணி வெச்சான், எதுக்கும் இருக்கட்டும்டான்னு. நான் ஒரு நாளும் அதைத் தொறந்து பாத்ததில்ல. அன்னிக்குத் தொறந்தேன்.

எம்பேரு, காலையில பதினொண்ணு அஞ்சு. அதுக்கடுத்தது பூபதி, பதினொண்ணு முப்பத்தொண்ணு. அடுத்த தேதி. எம்பேரு, மூணு பத்து. பூபதி, மூணு இருவத்தெட்டு. எம்பேரு, பூபதி. எம்பேரு, பூபதி. எறங்க எறங்க அப்படியே போகுதுங்க. ஈரோட்டுல உக்காந்துக்கிட்டே எம் பெட்டிக்குள்ள வந்திருக்கான். நான் எதுத்த பேக்கரியில பன்னு தின்னுட்டிருக்கறப்ப.

உள்ள என்ன மாத்தியிருக்கான்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஒரு வரி, ரெண்டு வரி. நான் ஒரு நம்பரு போட்டிருப்பேன், அவன் வேற நம்பரு போட்டிருப்பான். நான் கேபிள் சொருகற ஒரு வாசலைத் தொறக்காம விட்டிருப்பேன், அவன் தொறந்து விட்டிருப்பான்.

என்னங்க? நான் போட்டது சரியா, தப்பாவா? அதுங்களா இப்ப பேச்சு. ஏனுங்கண்ணா, உங்க தறியில நீங்க பாவு போட்டுட்டு அந்தப் பக்கம் திரும்புனதும் இன்னொருத்தன் வந்து கைய வெச்சா சும்மா இருப்பீங்களா? சரி தப்பு வேற விசயமுங்க. எங்கிட்டச் சொல்லாம எப்படித் தொடலாம்?

ஒம்பது வருசமுங்க. போயி டீ குடிச்சுட்டு வாடா, எறங்கட்டும்டான்னு என்னையப் பேக்கரிக்குத் தாட்டி உட்டுட்டு. அதை நம்பி நாலு பேருக்கு நான் பாடம் வேற எடுத்திருக்கேன். தாராபுரத்துக்காரன் ஒரு தடவ சிரிச்சான், நான் அவனை வெடுக்குன்னு திட்டிப் போட்டேன். அவனுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். மில்லுக்கே தெரிஞ்சிருக்கும். எனக்கு மட்டுந்தான் தெரியல. இதுக்குத் துரோகம்னு சொல்லாம வேற என்ன பேருங்க? முதல் தடவையே டேய், இது தப்புடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கத்துக்கிட்டிருக்க மாட்டனா? ஆங், அப்ப இருந்த வேகத்துல அவங்கூடப் பேசாமக் கூட இருந்திருப்பேன். இருந்தாலும் சொல்லியிருக்கோணுமில்லீங்க.

கடைசிக்குப் போனேன். தைப்பூசம். எம்பேரு, பத்து நாப்பது. அதுக்கடுத்து அவன் பேரு வரோணும், பழக்கம் அதுதான். எம்பேரு. அதுக்கடுத்தும் எம்பேரு. வரிசையாப் பதினாறு நகலுங்க, பதினாறும் நான். ரெண்டரை நாள் அடிச்சு அடிச்சுப் பாத்திருக்கேன். கடைசியா ஒண்ணு, பூபதி. ஒரே ஒரு வரிதான் மாத்தியிருக்கான்.

அப்ப வந்துச்சு பாருங்க எனக்கு ஆத்திரம். ஒம்பது வருசம் கேக்காமத் தொட்டவன், அன்னிக்குத்தான தொட்டிருக்கோணும்? பழனி எங்கயுங்க ஓடிப் போயிருது? அந்த ஒரு நாள் எதுக்கு என்னைய விட்டுட்டுப் போனான்? வசந்தாமணிகிட்ட இதைச் சொன்னப்ப, "தொட்டாலும் கோவம், தொடலைன்னாலும் கோவம், அந்தாளு என்னதான் பண்றது"ன்னா. அவளுக்கு நெட்வொர்க்கு தெரியாதுங்க.

அன்னியோட டீயை விட்டுட்டேன். மூணு பெட்டியையும் கோத்துக்கிட்டு, இந்தக் காங்கயத்துப் பெட்டிய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தேன். நான் போட்டது, அவன் போட்டது. ரெண்டையும் நோட்டுல எதுத்தெதுத்தாப்புல எழுதுனேன். ஏன் மாத்துனான், எதுக்கு மாத்துனான்னு. புத்தகமெல்லாம் எனக்குப் புடிபடலீங்க, இது புடிபட்டுச்சு. நாப்பத்தியொரு நாள் ஆச்சு. போன செவ்வாக்கெழமை காலையில பதினொரு மணி இருக்கும், நானா எழுதினேன், நாலு தடவ திரும்பப் படிச்சேன், மூணாவது பெட்டியக் கூப்பிட்டேன். முதல்ல ஒரு புள்ளி, முதக் கூப்பாட்டுக்கு அப்படித்தான் வரும். அப்பறம் நாலு ஆச்சரியக்குறி. எந்த டீயும் இல்ல, யாரும் உள்ள வரல. வீட்டுக்குள்ள யாருங்க வரப் போறாங்க.

வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். "நாலு கோடு தெரியுது, அதுக்கென்னங்க"ன்னா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல. அதுக்கென்னன்னு தெரிஞ்ச ஆளு இந்த உலகத்துல எனக்கு ஒருத்தன்தான். போனைக் கையில எடுத்துட்டேனுங்க. அவன் பேரு வரைக்கும் போயிட்டேன். அப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. அப்படியே தைக்கிற மெசின் மேல தலைய வெச்சுப் படுத்துக்கிட்டேன். என்னுங்க ஆச்சுன்னு அவ கேட்டுட்டே இருந்தா.

ரெண்டு நாள் கழிச்சு அவனே கூப்பிடறான். கார்டு சங்கதி எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. "தனா, எங்க ஆபீசுல ஒரு எடம் இருக்குதுடா. சனிக்கெழமை வா. உன்னைய நான்தான் கேள்வி கேப்பேன். நீ வந்து உக்காரு போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்"கறான். அந்தக் கடைசி வார்த்தை இருக்குது பாருங்க. எரிஞ்சுதுங்க எனக்கு. மறுபடியும் பாத்துக்கறானாம். வரேன்டான்னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன்.

நீலாம்பூர் வந்துருச்சா? ஹோப்ஸ்ல எறங்கோணும் நானு.

கேள்வியா? ஏன்டா தொட்டேன்னு கேக்கலாம்னு இருந்தேன். அப்பறம் ஏன்டா அன்னிக்குத் தொடலைன்னு. ரெண்டும் இல்லீங்க. நேத்து அந்தக் கார்டை ஒருக்கா முழுசா எண்ணுனேன். தைப்பூசத்துக்கு முன்னால எம்பேருல தொண்ணூத்தேழு. அவன் பேருல எத்தனை இருக்கோணும்? தொண்ணூத்தாறுதான் இருக்குது. எங்கடா ஒண்ணைக் காணோம்னு தேடுனேன். ஆகஸ்டு மாசத்துல ஒரு நாள். எம்பேரு இருக்குது, அதுக்கடுத்து அவன் பேரு இல்ல. அடுத்ததும் நான்தான், மூணு வாரங்கழிச்சு. அதை மட்டும் அவன் மாத்தவே இல்ல. நான் எழுதினது எழுதினபடி ஓடியிருக்குது.

அதை எடுத்து வீட்டுல ஒரு எழுத்து மாத்தாமப் போட்டுப் பாத்தேன். ஓடுதுங்க. பத்து தடவ கூப்பிட்டேன், பத்து தடவையும் பதில் சொல்லுச்சு.

வசந்தாமணி கேலண்டரப் பாத்துட்டு, அன்னிக்கு ஆடிப் பதினெட்டுங்க, பவானி கூடுதுறைக்குப் போயிருப்பாரு, லீவா இருக்கும்னா. இருக்கலாம். அன்னிக்கு அவங்கிட்டப் போன்ல பேசுனனான்னு எனக்கு நெனப்பில்ல. லீவா இருந்தா எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா பாத்திருந்தான்னா? எம் பெட்டிக்குள்ள வந்து, முழுசாப் படிச்சுப் பாத்து, எல்லாம் சரியா இருக்குதுன்னு தெரிஞ்சு, ஒண்ணையும் தொடாம வெளிய போயிருந்தான்னா, அன்னிக்கு ஒரு நாளாச்சும் போன் போட்டு, டேய் தனா, நல்லாப் பண்ணியிருக்கடான்னு சொல்லியிருக்கலாமில்லீங்க? சொன்னா மத்த தொண்ணூத்தாறையும் சொல்ல வேண்டி வரும். அதுக்காக முழுங்கிட்டானா? இதைத்தானுங்க கேக்கப் போறேன். வேலை குடுக்கட்டும், குடுக்காமப் போகட்டும்.

ஒம்பது வருசத்துல ஒரு நாள் நான் சரியா இருந்திருக்கேன். அது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். அதுவும் அவன் அன்னிக்குப் பாத்திருந்தாத்தானுங்க.